பள்ளிக்கூடம் போன விளக்கு

காலை வெயில் சவுக்குத் தோப்புக்குள் சாய்வாக இறங்கிக்கொண்டிருந்தது. மணல் பாதையில் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். முதுகில் புத்தகப் பை, ஒரு கையில் மதியச் சாப்பாட்டுக்கான தட்டு, இன்னொரு கையில் விளக்கு.

பட்டப்பகலில் விளக்கோடு ஊர்வலம் போகிறவர்களைப் பார்த்தால் புதிதாக வந்த எவரும் ஒரு நிமிஷம் நின்றுவிடுவார்கள். அந்த விளக்குகளை வாங்கிக் கொடுத்த ஏற்பாடே என்னுடையதுதான். இருந்தும் நான் நின்றேன்.

வரிசையின் கடைசியில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி. பெயர் பவித்ரா. மஞ்சள் பிளாஸ்டிக் விளக்கின் கைப்பிடியைச் சுண்டுவிரலில் மாட்டி, மணியாட்டுவதுபோல் ஆட்டிக்கொண்டே வந்தாள்.

"தினமும் இதைத் தூக்கிட்டுப் போறியே, கனமா இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

"நான் எங்க சார் தூக்கினு போறேன்? இதுதான் என்ன இஸ்துகினு போவுது."

சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். நான் சிரித்தேன். நல்ல வரி ஒன்று காதில் விழுந்தால் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது என் தொழில் புத்தி. உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கிற புத்தி மட்டும் தாமதமாகத்தான் வந்தது.

தமிழ் தெரிந்த குற்றம்

என் திருமண வரவேற்பில் ஐஸ்கிரீம் தீர்ந்துபோன கதையை இந்தத் தொடரில் சென்ற வாரம் எழுதியதிலிருந்து மைத்துனர் என்னோடு பேசுவதில்லை. எனவே இந்த வாரம் சொந்தக்காரர்கள் தலைகாட்டாத கதை. திட்டு வாங்க வேண்டியவன் நான் ஒருவன்தான்.

சிறுசேரியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன் என்று சொன்னால் பெண் வீட்டார் நிமிர்ந்து உட்கார்ந்த காலம் ஒன்று இருந்தது. அங்கே எனக்கு என்ன வேலை என்று சொன்னதும் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். பிறந்தநாள் வாழ்த்து எழுதுவேன். ஓய்வு பெறுகிறவர்களைப் பற்றி அவர்களே நம்பாத நல்ல வார்த்தைகள் எழுதுவேன். லிஃப்ட் வேலை செய்யவில்லை என்பதை யார் மனமும் புண்படாமல் அறிவிப்பேன்.

ஒருநாள் நிர்வாகத்துக்குக் கிராமங்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. கட்டடத்தில் தமிழ் எழுதத் தெரிந்தவன் என்ற ஒரே குற்றத்துக்காக அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

மாமல்லபுரத்திலிருந்து கல்பாக்கம் போகிற வழியில், சாலையை விட்டு உள்ளே, சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே சில வீடுகள். அக்கம்பக்கத்தில் 'மேடு' என்பார்கள். அங்கே இருந்தவர்களின் தகப்பன்மார் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். இவர்கள் சவுக்கு வெட்டினார்கள், கான்கிரீட் கலந்தார்கள், கடற்கரை விடுதிகளில் துணி துவைத்தார்கள். இடத்துக்குப் பட்டா இல்லை. பட்டா இல்லாததால் மின் இணைப்பும் இல்லை. சாயங்காலம் தெற்கு வானத்தைப் பார்த்தால் கல்பாக்கம் குடியிருப்பின் வெளிச்சம் மஞ்சளாகத் தெரியும். மேட்டில் பார்த்தால் எதிரில் நிற்பவர் மாமனா மச்சானா என்று தெரியாது.

கீற்றுக் கூரை சூரியத் தகடுகளைத் தாங்காது என்பதால் தகடுகளைப் பக்கத்து ஊர் அரசுப் பள்ளியின் மொட்டை மாடியில் வைத்தோம். கீழே ஓர் அறையில் நீளமான பலகை, பலகை முழுக்க ஒயர்கள். பிள்ளைகள் காலையில் விளக்கைக் கொண்டுவந்து மாட்ட வேண்டும், மாலையில் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும். பள்ளியில் ஏற்கெனவே மின்சாரம் இருந்தது. அதிலேயே சார்ஜ் போட்டிருக்கலாம். ஆனால் திறப்பு விழாப் பலகையில் 'சூரிய சக்தி' என்று எழுத முடியாதே.

கழுகும் நானும்

வெளிச்சம் இருந்தால் குழந்தைகள் தானாகப் படிப்பார்கள் என்று நான் உறுதியாக நம்பினேன். அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பது எனக்கே புதிர். காரணம், என் சொந்த அனுபவம் நேர்மாறானது.

நான் வளர்ந்தது செங்கல்பட்டில், கொலவாய் ஏரிக்குப் பக்கத்தில். எங்கள் தெருவில் கரண்ட் போனால் ஒரு சத்தம் கிளம்பும். பெரியவர்கள் "அடச்சே" என்பார்கள். பிள்ளைகள் "ஹோ" என்போம். அப்பா மெழுகுவர்த்தியைக் கொளுத்திக் கணக்குப் புத்தகத்தின் பக்கத்தில் வைப்பார். நான் உருகும் மெழுகை உருட்டி யானை செய்வேன். பரீட்சை முடிவு வந்த அன்று அலமாரியில் என்னிடம் ஒரு யானைப் படையே இருந்தது.

பள்ளிக்கு நான் ஒழுங்காகப் போனதுண்டு. வாசலில் மாங்காய் விற்ற அம்மாவுக்காகவும், பக்கத்து பெஞ்சு நண்பனின் கிரிக்கெட் மட்டைக்காகவும்தான். இயற்பியலுக்காகப் போனதாக நினைவில்லை.

அம்மா என்னைத் திருக்கழுக்குன்றத்துக்குக் கூட்டிப் போவாள். உச்சி வேளையில் மலைமேல் கழுகு வரும், அதற்குச் சோறு வைப்பார்கள். "எவ்வளவு பக்தி பார், நேரம் தவறாம வருது" என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொள்வாள். "சோறு வைக்கலைன்னா வருமாம்மா?" என்று கேட்டு முதுகில் ஒன்று வாங்கினேன். அந்த வயதில் இருந்த அறிவு அப்படியே தங்கியிருந்தால் இந்த அத்தியாயத்தை எழுதவே வேண்டியிருந்திருக்காது.

நனையாத விளக்கு

பள்ளியின் தலைமையாசிரியை ஸ்டெல்லா டீச்சர், செங்கல்பட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர். தோளில் ஒரு பெரிய பை. பூகம்பம் வந்தால் அந்தப் பையை வைத்தே பள்ளியை நடத்திவிடலாம் என்று தோன்றும்.

விளக்கு கொடுத்த சில வாரங்களில் போன் செய்தார்.

"என்ன சார் மாயம் பண்ணீங்க? வேர்க்கடலை பிடுங்குற சீசன்ல என் கிளாஸ் நிரம்பி வழியுது!"

"எல்லாம் வெளிச்சம் டீச்சர்" என்றேன், அடக்கமாக. அடக்கமாகப் பேசும்போது எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு கர்வம் இருக்கும் என்பது என் மனைவிக்குத் தெரியும்.

"வெளிச்சமோ என்னமோ. நேத்து மழையில பவித்ராவ அவங்கப்பா ஏகாம்பரமே வண்டியில கொண்டாந்து விட்டுட்டுப் போறார் சார். ஆடு மேய்க்க ஆள் இல்லன்னு வாரத்துல பாதி நாள் பொண்ண நிறுத்தி வைக்கிற மனுஷன்! பொண்ணு தொப்பலா நனைஞ்சிருந்தா. லைட்டு மட்டும் நனையல. பிளாஸ்டிக் கவர் போட்டு மடியில வச்சிருந்தாரு."

இருவரும் சிரித்தோம். சிரித்து முடித்தபின் டீச்சர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மேட்டுல இருந்து ஒரு பொண்ணுகூட இதுவரைக்கும் பத்தாவது முடிச்சதில்ல சார். இவ முடிப்பா. எழுதி வச்சுக்கங்க."

நான் எழுதி வைத்துக்கொண்டேன், நிறுவன இதழுக்கு. 'ஒளி வந்தது, கல்வி வந்தது' என்று தலைப்பு.

ஒருநாள் அந்தி சாயும் நேரத்தில் ஏகாம்பரம் வீட்டுக்குப் போனேன். கூரைக் கழியிலிருந்து கயிற்றில் விளக்கு தொங்கியது. அதன் வயிற்றிலிருந்து ஒரு ஒயர் இறங்கி ஏகாம்பரத்தின் போனுக்குள் போயிருந்தது. போன் உறிஞ்ச உறிஞ்ச விளக்கு மங்கிக்கொண்டே வந்தது. பவித்ரா புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஆட்டுக்குட்டிக்குத் தழை காட்டிக்கொண்டிருந்தாள்.

"படிக்கலையாம்மா?"

"இஸ்கோல்லயே முட்ச்சிட்டேன் சார்."

"போனு ஏறட்டும் சார்" என்றார் ஏகாம்பரம். "காலைல மேஸ்திரி கூப்புடுவாரு. நான் எட்க்கலன்னு வச்சிக்கோ, அடுத்த ஆள இட்டுகினு பூடுவாரு. இந்த லைட்டு வந்தப்பறம் ஒரு நாள் வேல உட்டதில்ல சார். பேஜாரே இல்ல."

எனக்கு மனம் சுருங்கிவிட்டது. படிக்கக் கொடுத்த விளக்கைப் போன் குடிக்கிறதே!

விளக்கைப் பள்ளிக்கு அனுப்பினால்தான் போன் உயிரோடு இருக்கும், போன் உயிரோடு இருந்தால்தான் அவருக்கு வேலை, விளக்கைத் தூக்கிப் போக ஒரு கை வேண்டும், அந்தக் கைதான் பவித்ரா. இவ்வளவும் என் கண் முன்னால் ஒரு கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் பார்த்தது மங்கிய பல்பை மட்டும்.

கருணை மிகுந்த ஒரு காலை

அடுத்த வருடம் எங்கள் நிர்வாகி ஒருவர் பள்ளியைப் பார்க்க வந்தார். தோப்புப் பாதையில் பிள்ளைகள் விளக்கோடு வருவதைக் கண்டு காரை நிறுத்தச் சொன்னார். "குழந்தைகள் சுமை தூக்குகிறார்களே!" என்றார். கண் கலங்கியிருந்தது. கடற்காற்றாகவும் இருக்கலாம்.

நான் அந்தக் கணத்தைப் பிடித்துக்கொண்டேன். என்னிடம் திட்டம் தயாராக இருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் வெளியே ஒரு கம்பம், கம்பத்தின்மேல் தகடு, வீட்டுக்குள் பல்பு, போனுக்குத் தனியாக ஒரு சாக்கெட். குழந்தைகளுக்குச் சுமை இல்லை. போன் விளக்கைக் குடிக்காது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

பள்ளித் தாழ்வாரத்தில் ஸ்டெல்லா டீச்சர் என்னை ஓரமாக அழைத்தார்.

"சார், இப்ப இருக்கறதே இருக்கட்டுமே."

"ஏன் டீச்சர்? போன் எல்லா சார்ஜையும் குடிச்சிடுது."

"குடிச்சா குடிக்கட்டும் சார். லைட்டு இங்க வந்தாத்தான் பிள்ளைங்க இங்க வரும்."

"வெளிச்சம் இருந்தா தானா படிப்பாங்க டீச்சர்."

கேட்காத கேள்விக்குத் தைரியமாகப் பதில் சொல்லும் மாணவனைப் பார்ப்பதுபோல டீச்சர் என்னைப் பார்த்தார். மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நிர்வாகி வந்துவிட்டார், பின்னாலேயே பிஸ்கட் தட்டும் வந்தது. நம் ஊரில் பிஸ்கட் தட்டுக்கு முன்னால் யாரும் உண்மை பேசுவதில்லை.

வேண்டாம் என்றவள்

கம்பம் நடுகிற நாளில் மேட்டில் திருவிழாக் கூட்டம். மைக் செட் ஒன்றுதான் பாக்கி. ஏகாம்பரம் தன் வாசலில் தானே குழி வெட்டிக்கொண்டிருந்தார். நான் வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில், வரலாற்று நாயகன் தோரணையில் உட்கார்ந்திருந்தேன்.

பவித்ரா பக்கத்தில் வந்து நின்றாள். ஒன்பதாவது போய்விட்டாள். கொஞ்சம் வளர்ந்திருந்தாள். பாவாடைக் கரையைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

"சார், எங்க வூட்டுக்கு வேணாம் சார்."

"என்ன வேணாம்?"

"இந்தக் கம்பம். எனக்கு வெயிட்டே இல்ல சார். நானே இஸ்கோலுக்கு எத்துகினு போறேன். மத்தவங்க வூட்டுக்கெல்லாம் குடுங்க. எங்க வூட்டுக்கு மட்டும் வேணாம்."

"ஏம்மா? உன் நல்லதுக்குத்தானே?"

அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். குழிக்குள்ளிருந்து ஏகாம்பரம் சத்தம் போட்டார்.

"ஏய், அங்க இன்னா பேச்சு? சாருக்கு டீ எட்த்தா!"

"தோ வரேன் நைனா" என்று போய்விட்டாள்.

டீ வந்தது. ஏலக்காய் போட்ட நல்ல டீ. குடித்தேன்.

மறுநாள் அலுவலகத்தில், வெளிச்சம் வேண்டாம் என்று சொன்ன உலகின் முதல் வாடிக்கையாளரைச் சந்தித்துவிட்டு வந்ததாக ஒரு கதை சொன்னேன். குரலை மாற்றி, பாவாடையைத் திருகுவதுபோல் நடித்தும் காட்டினேன். நன்றாகச் சிரித்தார்கள். ஒரு பெண் மட்டும், திருப்போரூர்க்காரர், கணக்குப் பிரிவில் இருந்தவர், "ஏன் வேணாம்னாளாம்?" என்று கேட்டார். "கூச்சம்" என்றேன்.

ரிப்பேர் ஆகாத பொருள்

மழைக்காலம் முடிந்து டீச்சரிடமிருந்து போன் வந்தது.

"லைட்டெல்லாம் நல்லா எரியுதா சார்?"

"பிரமாதமா எரியுது டீச்சர்!"

"நல்லது. என் கிளாஸ்தான் காத்தாடுது. ஒரு எட்டு வந்து பாருங்க."

போனோம், நானும் டீச்சரும், தோப்பு வழியாக. அதே காலை வெயில். பாதையில் பிள்ளைகள் வந்தார்கள், ஆனால் வரிசை என்று சொல்ல முடியாது. கைகள் காலியாக இருந்தன. அங்கங்கே இரண்டு மூன்று பேராக.

ஏகாம்பரம் வாசலிலேயே வரவேற்றார். "வா சார், வா டீச்சர். நாஸ்தா துன்னுட்டுப் போலாம்." மனைவி கடற்கரை விடுதிக்கு வேலைக்குப் போயிருந்தாள். காலையில் வேன் வந்து அழைத்துப் போகுமாம். பவித்ரா இடுப்பில் தம்பியோடு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போவது தூரத்தில் தெரிந்தது. எங்களைப் பார்த்தாள். நின்றாள். பிறகு நடந்தாள்.

"பொண்ண ஏன் அனுப்பல?" என்றார் டீச்சர், வந்த வேகத்தில்.

ஏகாம்பரம் குற்றவாளியைப்போல் விழிக்கவில்லை. கேள்வியே புரியாதவர்போல் பார்த்தார். கம்பத்தின் உச்சியைக் காட்டினார்.

"இப்பத்தான் லைட்டு வூட்லயே கீதே டீச்சர். இன்னாத்துக்கு இஸ்கோலு?"

மஞ்சள் விளக்கை ஆட்டிக்கொண்டே பவித்ரா அன்று சொன்னது மறுபடி என் காதில் விழுந்தது. *இதுதான் என்ன இஸ்துகினு போவுது.* சட்டைப் பையில் ஒரு வருடத்துக்கும் மேலாக வைத்திருந்த வரி அன்றுதான் பிரிந்தது.

டீச்சர் சண்டை போட்டார், கெஞ்சினார், மிரட்டினார். "புள்ளையையும் ஆட்டையும் யாரு பாக்கறது? நீயே சொல்லு சார்" என்று ஏகாம்பரம் என்னைக் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. ஒரு கைக்கு இரண்டு வேலை இருந்தால் எது அவசரமோ அதைத்தானே கொடுப்பார்கள். முன்பு விளக்கு அவசரமாக இருந்தது. அந்த அவசரத்தை நான் தீர்த்துவைத்துவிட்டேன்.

திரும்பும்போது தோப்பு முடிகிற இடத்தில் டீச்சர் கேட்டார்.

"அந்த லைட்டு ரிப்பேரே ஆகாதா சார்?"

ஆகாது. இந்த நாட்டில் ரிப்பேர் ஆகாத ஒரே சாமானை நான் தேடித் தேடி வாங்கியிருந்தேன். புயல் வந்து சவுக்கெல்லாம் சாய்ந்த வருடத்திலும் அந்தக் கம்பங்கள் மட்டும் நிமிர்ந்து நின்றன. கொடுத்ததைப் பிடுங்கவும் முடியாது. அந்த வெளிச்சத்தில் உண்மையாகவே படித்துத் தேறிய பிள்ளைகளும் மேட்டில் உண்டு; அதை மறைப்பது நியாயமில்லை. பாம்புக்குப் பயப்படாமல் ராத்திரி எழுந்து போகிறோம் என்று பெண்கள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். கும்பிடு வாங்கும்போதெல்லாம் என் கண் ஆடுகளைத் தேடும்.

டீச்சரின் சண்டைக்காக பவித்ரா சில வாரங்கள் வந்தாள். அப்புறம் வாரத்துக்கு ஒருநாள். பத்தாவதுக்குப் பெயர் கொடுக்கிற சமயத்தில் அவள் இல்லை. டீச்சர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். அதன்பிறகு எனக்குப் போன் செய்யவில்லை.

தூசு

பழைய விளக்குகளில் ஒன்றை ஒரு மரப்பீடத்தில் பொருத்தி, நிறுவனம் எனக்கு நினைவுப் பரிசாகக் கொடுத்தது. என் மேஜையில், கணினிக்குப் பக்கத்தில் இருக்கிறது. பார்க்கிறவர்கள் கேட்டால் கதை சொல்வேன். பாதிக் கதை.

அண்மையில் எங்கள் மாடிக்குத் துப்புரவுப் பணிக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். நீலச் சீருடை, முகக்கவசம், கையில் துணி. என் மேஜையைத் துடைத்துக்கொண்டே வந்தவள் விளக்கின் முன்னால் நின்றாள். கைப்பிடியைச் சுண்டுவிரலில் மாட்டி, லேசாகத் தூக்கிப் பார்த்தாள். அந்தச் சுண்டுவிரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

"பவித்ராவா?"

கவசத்தை இறக்கிவிட்டுச் சிரித்தாள். "உங்கள மொத நாளே பாத்துட்டேன் சார். நீங்கதான் பாக்கல."

"எப்படி வர்றே?"

"வேன் வர்து சார், மேட்டுக்கே. தம்பி எட்டாவது பட்க்கறான். நைனா நல்லாக்கீது."

"நீ? பத்தாவது... தனியா எழுதலாமே. நான் வேணும்னா..."

"பாக்கலாம் சார்" என்றாள். நான் லிஃப்ட் அறிவிப்பு எழுதுவதைப்போல, யார் மனமும் புண்படாத குரலில்.

பிறகு விளக்கின் பொத்தானை அமுக்கினாள். எரியவில்லை. மறுபடி அமுக்கினாள்.

"சார்ஜ் போட்றதில்லயா சார்?"

"இல்லம்மா. ஒயர்கூட எங்கேயோ போயிடுச்சு. சும்மா, ஞாபகத்துக்கு வச்சிருக்கேன்."

அவள் விளக்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். கண்ணில் கேலிதான் இருந்தது. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இத்தயும் இஸ்கோலுக்கு அனுப்பாம உக்கார வச்சிட்டீங்களா சார்?"

மரப்பீடத்தின் தூசைத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, அடுத்த மேஜைக்குப் போய்விட்டாள்.